வண்டி சூடாகாமல் காப்பது எப்படி? வாட்டர் பம்பும் கூலன்ட்டும்

(செவ்வாப்பேட்டையில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், குழுக் கடனில் குட்டி யானை வண்டி வாங்கித் தானே ஓட்டிவரும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் சுருக்கித் தந்திருக்கிறோம்.)



கறவை மாட்டுக்கு மடிநோய் வராமல் பார்த்துக்கொள்வது பற்றி இதே இடத்தில் பேசியிருக்கிறார்கள். தையல் மிஷின் பற்றி, காளான் வளர்ப்பு பற்றி எல்லாம் பேசியிருக்கிறார்கள். வண்டியைப் பற்றி யாரும் பேசியதில்லை. அது ஆம்பிளைங்க சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். ஆனால் நம் கடன் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். முன்னெல்லாம் மாடு, ஆடு, பெட்டிக்கடை, இட்லிக்கடை. 2005ல் டாடா ஏஸ் வந்த பிறகு, லோடு வண்டி, ஷேர் ஆட்டோ, டிராவல்ஸ் கார் என்று பெரிய பெரிய தொகையாகப் போகிறது. வண்டி வீட்டுக்காரர் பேரில் ஓடலாம், மகன் ஓட்டலாம். கடன் யார் பேரில் இருக்கிறது? நம் பேரில். கையெழுத்துப் போட்டது நாம். அப்படியென்றால் வண்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியதும் நாம்தான்.

பக்கத்து ஊராட்சியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பேரும் வேண்டாம், ஆள் பேரும் வேண்டாம். குழுக் கடனில் லோடு வண்டி எடுத்தார்கள். வீட்டுக்காரர் செங்கல் லோடு அடித்தார். நல்ல வருமானம், தவணை ஒழுங்காக வந்தது. ஒரு கட்டத்தில் வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணி விழ ஆரம்பித்தது. தினம் காலையில் போர் தண்ணியை ஒரு சொம்பு ஊற்றி எடுத்துக்கொண்டு போனார். மூன்று வாரம் இப்படியே ஓடியது. மே மாதம், மத்தியான வெயில், வண்டி நிறைய லோடு. முள் சிவப்புக்கு ஏறியது. இன்னும் கொஞ்ச தூரம்தானே, இறக்கிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினார். போய்ச் சேரவில்லை. எஞ்சின் ஜாம்.

சொட்டியது வாட்டர் பம்ப். அதை அன்றைக்கே மாற்றியிருந்தால் கூலியோடு சில ஆயிரத்தில் முடிந்திருக்கும். எஞ்சினைப் பிரித்து ஹெட் வேலை, பிஸ்டன் வேலை என்று பார்த்தபோது அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் ஆனது. இரண்டு மாதம் வண்டி ஷெட்டில். தவணை நின்றது. வங்கியில் குழுவின் பேர் கெட்டுவிடக் கூடாது என்று சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினார்கள். அடுத்த சுற்றில் மகள் படிப்புக்கு என்று காத்திருந்த ஒரு அம்மாவுக்குக் கடன் கிடைக்கவில்லை. அந்த இரண்டு பேரும் இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு சொட்டுத் தண்ணி எங்கே போய் முடிகிறது பாருங்கள்.

சரி, எஞ்சினுக்கு எதற்குத் தண்ணி? அடுப்பு மாதிரிதான். டீசலோ பெட்ரோலோ உள்ளே எரிகிற அந்த நொடியில் சூடு 2000 டிகிரியைத் தாண்டும். எஞ்சினில் இருக்கிற அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். பிறகு எப்படி உருகாமல் இருக்கிறது? எரிவது ஒரு கண நேரம்தான், சுற்றிலும் தண்ணி ஓடிக்கொண்டே இருந்து சூட்டை வாங்கிக்கொள்கிறது. நாம் ஊற்றுகிற டீசலில் வருகிற சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வண்டியை நகர்த்தப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சப் பங்கை இந்தத் தண்ணிதான் வெளியே கொண்டுவந்து கொட்ட வேண்டும்.

எல்லா வண்டிக்கும் தண்ணி கிடையாது. திருவொற்றியூரில் 1955லிருந்து செய்ய ஆரம்பித்த புல்லட் இருக்கிறதே, அதன் எஞ்சினைச் சுற்றிச் செதில் செதிலாக இருக்கும். காற்று பட்டே ஆறிவிடும். மொபெட், பழைய ஸ்கூட்டர் எல்லாம் அப்படித்தான். கார், வேன், டிராக்டர், குட்டி யானை போன்றவற்றுக்குக் காற்று மட்டும் பத்தாது.

முதல் காரின் கதையில் ஒரு பெண் வருகிறார், அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் 1886ல் மூன்று சக்கரக் காருக்குக் காப்புரிமை வாங்கினார். வாங்க ஆள் இல்லை. அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், தன் சீதனப் பணத்தைக் கணவரின் தொழிலில் போட்டவர். நம் பாஷையில் சொன்னால் முதல் கடன் கொடுத்த குழு அந்த அம்மாதான். 1888 ஆகஸ்ட் மாதம் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு மான்ஹைம் ஊரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் ஊருக்கு, சுமார் 100 கிலோமீட்டருக்கு மேல், அந்தக் காரை ஓட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனார். அந்தக் காரில் இப்போது இருப்பது போலத் தண்ணியைச் சுற்றவிடுகிற ஏற்பாடு கிடையாது. எஞ்சின் சூட்டில் தண்ணி கொதித்து ஆவியாகப் போகும், போகப் போக ஊற்ற வேண்டும். வழியெல்லாம் சத்திரத்திலும் ஓடையிலும் தண்ணி மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே போனார்கள். எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் அந்த அம்மாவே குத்தி எடுத்தார். அந்தப் பயணத்துக்கு அப்புறம்தான் கார் என்றால் ஜனங்களுக்கு நம்பிக்கை வந்தது. வண்டி ஆம்பிளை சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இப்போது இருக்கிற வண்டியில் தண்ணி ஆவியாகிப் போகாது, சுற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சினுக்குள் போய்ச் சூட்டை வாங்கும், முன்னால் இருக்கிற ரேடியேட்டருக்கு வந்து காற்றில் ஆறும், திரும்ப உள்ளே போகும். இருப்பது சில லிட்டர்தான். அதையே நிமிஷத்துக்குப் பலமுறை சுற்றவிடுவது வாட்டர் பம்ப். கையளவு சாமான். உள்ளே விசிறி மாதிரி இறக்கை, நடுவில் ஒரு தண்டு, தண்டைத் தாங்குகிற பேரிங், தண்ணி வெளியே வராமல் தடுக்கிற சீல். வெளிப்பக்கம் புல்லி, அதில் பெல்ட். எஞ்சின் சுற்றினால் பெல்ட் சுற்றும், பெல்ட் சுற்றினால் பம்ப் சுற்றும்.

இதெல்லாம் எங்கேயோ சீமையில் செய்வது என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் கம்பெனியின் ஆட்டோலெக் பிரிவில் வண்டிகளுக்கான வாட்டர் பம்ப், ஆயில் பம்ப் செய்கிறார்கள். அதே கம்பெனி 1990களில் அமெரிக்காவில் இருக்கிற ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிப் பேர் வாங்கியது. திருவள்ளூர் பக்கத்திலேயே 1998லிருந்து மிட்சுபிஷி லான்சர் கார் செய்தார்கள். நம்ம பக்கத்துப் பிள்ளைங்க எத்தனையோ பேர் இந்த மாதிரிக் கம்பெனிகளுக்கு பஸ் ஏறிப் போய் வருகிறார்கள். பார்ட்ஸ் செய்கிற ஊர்க்காரர்கள் நாம். வண்டி நடுரோட்டில் நின்றால் மட்டும் முழிக்கிறோம்.

ரேடியேட்டர் மூடி என்றேனே, அது வெறும் மூடி இல்லை. அது நம் குக்கர் வெயிட் மாதிரி. திறந்த பாத்திரத்தில் தண்ணி 100 டிகிரியில் கொதிக்கும். குக்கரில் பிரஷர் ஏறுவதால் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் சூடாகும், அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. ரேடியேட்டரிலும் அதே கணக்கு. மூடிமேல் 0.9, 1.1 என்று எண் போட்டிருக்கும், அது பிரஷர் அளவு. மாற்றினால் அதே எண் உள்ள மூடிதான் போட வேண்டும். ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்துப்போன மூடியில் பிரஷர் நிற்காது, தண்ணி சீக்கிரம் கொதித்துப் பொங்கிவிடும். பலபேர் வண்டி சூடாகிறது என்று பம்பையும் ரேடியேட்டரையும் மாற்றுவார்கள். கடைசியில் பார்த்தால் சில நூறு ரூபாய் மூடிதான் கோளாறாக இருக்கும்.

ஆகவே ஒரு விஷயத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. விசில் அடங்காத குக்கரை யாராவது திறப்போமா? திறந்த நொடியில் பிரஷர் போய், உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும். ஈரத் துணி போட்டு மெதுவாகத் திறக்கலாம் என்று சொல்வார்கள், அதையும் நம்பாதீர்கள். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் அதற்கும் மேலே ஆறவிட்டு, மேல் ஹோஸைத் தொட்டால் சுடவில்லை, அமுக்கினால் மெத்தென்று இருக்கிறது என்றால்தான் திறக்கலாம். சில வண்டிகளில் ரேடியேட்டரில் மூடி இருக்காது, பிளாஸ்டிக் டப்பாவின் மேலேயே பிரஷர் மூடி இருக்கும். அதற்கும் இதே சட்டம்தான்.

இனி கூலன்ட் பற்றி. "நம்ம ஊரில் பனியா கொட்டுது, எதுக்கு இந்தக் கலர் தண்ணி?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. குளிர் தேசத்தில் தண்ணி உறைந்து எஞ்சின் வெடிக்காமல் இருக்கத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். அதில் இருப்பது எத்திலீன் கிளைக்கால் என்கிற ரசாயனம், கூடவே துரு தடுக்கிற மருந்துகள். பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அது நமக்கு வேண்டாம்தான். ஆனால் அதே கலவை வெறும் தண்ணியைவிட அதிகச் சூட்டில்தான் கொதிக்கும். அது நமக்கு வேண்டும். துருப்பிடிக்காமல் காக்கும், பம்பின் சீல் தேயாமல் வழவழப்புத் தரும். கத்திரி வெயிலில் திருவள்ளூர் ரோட்டில் லோடோடு நிற்கிற வண்டிக்கு இந்த மூன்றும் தேவை.

நம் பகுதிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம்ம தண்ணி. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் தண்ணி ஏறியதை 1960களின் கடைசியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சென்னைக்கு எடுத்து எடுத்து, ஆரணியாறு கொசஸ்தலையாறு பகுதிக் கிணறுகளில் மட்டம் இறங்க இறங்க, கடல் உள்ளே வந்தது. பிறகு 2010ல் அதே மீஞ்சூர்ப் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல் தண்ணியையே குடிநீராக்குகிற ஆலை வந்தது, அது வேறு கதை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர்க் குழுப் பெண்களைக் கேட்டால் தண்ணி எப்படி என்று சொல்வார்கள். செவ்வாப்பேட்டைப் பக்கம் அந்த அளவு உப்பு இல்லாவிட்டாலும், போர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற பானையைப் பாருங்கள், அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே படிவுதான் எஞ்சினுக்குள்ளும், ரேடியேட்டரின் ஊசிக் குழாய்களிலும் படிகிறது. பானையைப் புளி போட்டுத் தேய்க்கலாம். எஞ்சினுக்குள் கை விட முடியாது. படிவு ஏறினால் சூடு வெளியே வராது. உப்பு அலுமினியத்தையும் அரிக்கும். முன்னே சொன்னேனே தினம் ஒரு சொம்பு போர் தண்ணி, அதில் வந்தது இரண்டு கெடுதல். கூலன்ட் நீர்த்துப்போனது, படிவும் சேர்ந்தது.

கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று அப்படியே ஊற்றுவது, கலந்தே வரும். இன்னொன்று கெட்டியானது, தண்ணி கலந்து ஊற்றுவது. டப்பாவில் படித்துப் பார்த்து வாங்குங்கள். கெட்டியானதை அப்படியே ஊற்றினால் ரொம்ப நல்லது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தப்பு. தண்ணிதான் சூட்டை நன்றாக வாங்கும், கூலன்ட் அதிகமானால் சூடு வாங்குவது குறையும். கலக்கிற தண்ணி, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும்.

கலரைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி சேர்க்கிற சாயம். ஒரே பச்சையில் வேறு வேறு ரகம் உண்டு. ரகம் மாறிக் கலந்தால் துரு தடுக்கிற சக்தி போய்விடும், சில சமயம் கூழ் மாதிரித் திரிந்து குழாயை அடைக்கும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எந்த ரகம் என்று எழுதியிருக்கும். புத்தகம் தொலைந்துவிட்டால் அந்தக் கம்பெனி ஷோரூமில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ரகக் கூலன்ட்டை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், நீண்டநாள் ரகம் ஐந்து வருஷம்வரை வரும். அதுவும் புத்தகத்தில் உள்ளபடிதான். மாற்றும்போது பழையதை முழுக்க இறக்கி, உள்ளே அலசிவிட்டு ஊற்ற வேண்டும். உள்ளே காற்று தங்கினாலும் சூடேறும், அதனால் காற்று எடுக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அக்கா, தங்கச்சிகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். கூலன்ட் விஷம். பார்க்க ரஸ்னா மாதிரி கலராக இருக்கும், ருசி இனிப்பாக இருக்கும். குழந்தை குடித்துவிடும், நாய் நக்கும், ஆடு குடிக்கும். பெரிய ஆளுக்கே 100 மில்லி உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு அதைவிடக் கொஞ்சமே போதும். குடித்தவுடனே பெரிதாக ஒன்றும் தெரியாது, சாராயம் குடித்த மாதிரி தள்ளாட்டம், வாந்தி இருக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் சிறுநீரகத்தைத் தாக்கும். அதனால் நன்றாகத்தானே இருக்கிறான் என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். நேரத்தோடு போனால் மாற்று மருந்து இருக்கிறது. மிச்சக் கூலன்ட்டை கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. இன்றைக்கே போய் அதை எடுத்துவிடுங்கள். பழைய கூலன்ட்டைக் கால்வாயிலோ குளத்திலோ மாட்டுத் தொட்டிப் பக்கமோ ஊற்றாதீர்கள். மெக்கானிக் ஷெட்டிலேயே கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுக்கிறவர்களிடம் சேர்க்கச் சொல்லுங்கள்.

வாட்டர் பம்ப் கெடப்போவதை எப்படித் தெரிந்துகொள்வது? அது சொல்லிவிட்டுத்தான் கெடும். பம்பின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். சீல் தேய்ந்தால் தண்ணி பேரிங்குக்குள் போகாமல் அந்த ஓட்டை வழியாக வெளியே வரும். கலர் கறையாக, காய்ந்த உப்பு மாதிரி ஓரத்தில் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தால் பம்ப் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைக்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அடைத்தால் தண்ணி பேரிங்குக்குள் போய், பேரிங் உடைந்து, பெல்ட் அறுந்து, ஓடுகிற வண்டியில் பம்ப் நின்றுவிடும்.

இரண்டாவது சத்தம். முன்பக்கம் கீச்சென்றோ கரகரவென்றோ சத்தம் வந்து, வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடினால் பேரிங் போகிறது. எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆடக் கூடாது. பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா, நூல் பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெல்ட் தளர்ந்தால் வழுக்கும், பம்ப் மெதுவாகச் சுற்றும். ரொம்ப இறுக்கினால் பேரிங் சீக்கிரம் போகும். சில கார்களில் பம்பை உள்ளே இருக்கிற டைமிங் பெல்ட் சுற்றும். அங்கே பெல்ட்டும் பம்பும் சேர்த்தே மாற்றுவதுதான் லாபம். பிரிக்கிற கூலி ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பானட்டுக்குள் குனியாதீர்கள். முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் பெல்ட்டில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முந்தானையை இழுத்துச் செருகி, கூந்தலை முடிந்துகொண்டு, வளையலையும் கழட்டிவிட்டுத்தான் குனிய வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும்கூட கரன்ட் ஃபேன் திடீரென்று சுற்றும், அதில் விரலை விடாதீர்கள்.

தினசரி வேலை என்ன? காலையில், வண்டி ஆறியிருக்கும்போது, இரண்டே நிமிஷம். பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு கோடு இருக்கும், இரண்டுக்கும் நடுவில் கூலன்ட் இருக்க வேண்டும். ராத்திரி நிறுத்தும்போது அடியில் ஒரு பழைய அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் அட்டையைப் பார்த்தாலே தெரியும். கறுப்பு ஆயில், கலர் ஈரம் கூலன்ட். ஏசி ஓடிய வண்டியில் மட்டும் சுத்தத் தண்ணி சொட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம். மாதம் ஒருமுறை ரேடியேட்டர் வலையில் வைக்கோல், பூச்சி, செங்கல் தூள் அடைத்திருந்தால் மெதுவாகத் தண்ணி விட்டுக் கழுவுங்கள். வேகமாகப் பீச்சினால் செதில் மடங்கிவிடும்.

ஆடி மாதத்தில் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போகிற வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் பேனர், அதன் மேல் வேப்பிலைக் கட்டு, மாலை. உள்ளே இருபது பேர். ரோட்டில் ஆமை மாதிரி நகர்கிற நெரிசல். ரேடியேட்டருக்கு மூச்சுவிடவே வழி இல்லை. வழியெல்லாம் பானட்டைத் திறந்துவைத்து நிற்கிற வண்டிகளை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். அம்மனுக்கு நேர்ந்துகொண்டதை வண்டியின் மேலே கட்டுங்கள், முன்னால் காற்று போகிற வலையை மறைக்காதீர்கள்.

ஓட்டும்போது முள் வழக்கமான இடத்தைவிட ஏறுகிறதா? ஏசியை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்துவிடுங்கள், வேர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வாங்கும். முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். லோடுக்காரர் கத்துவார், கத்தட்டும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணியை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். பேட்டரி லைட்டும் சேர்ந்து எரிந்தால் பெரும்பாலும் பெல்ட் அறுந்திருக்கும், ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள். இன்னொன்று. ஏறிய முள் திடீரென்று கீழே இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணி மொத்தமும் கொட்டிவிட்டால் முள்ளுக்குச் சூடு தெரியாது. எஞ்சின் வெந்துகொண்டிருக்கும், முள் சும்மா படுத்திருக்கும்.

சூடேறிய வண்டி ஆறிய பிறகும், ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால், அல்லது புகைக்குழாயில் வெள்ளைப் புகை விடாமல் வந்தால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்படியே ஓட்டாதீர்கள்.

மெக்கானிக்கிடம் போனால் சிலர் "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடறேன், இனிமே சூடே ஆவாது" என்பார்கள். அது எஞ்சின் பதமான சூட்டுக்கு வரும்வரை ரேடியேட்டருக்குப் போகிற வழியை மூடி வைத்திருக்கிற வால்வு. கழட்டினால் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, டீசல் கூடக் குடிக்கும், தேய்மானம் கூடும். கெட்டிருந்தால் புதுசு போடச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

இப்போது நம் கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். குழுவுக்கு வருகைப் பதிவேடு, தீர்மானப் பதிவேடு, ரொக்கப் பதிவேடு வைக்கிறோம். வண்டிக் கடன் வாங்கிய உறுப்பினர் ஒரு நாற்பது பக்க நோட்டு வைக்கட்டும். தேதி, கிலோமீட்டர், கூலன்ட் மட்டம், எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு செலவு. வாரத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். இரண்டு வாரம் தொடர்ந்து ஊற்ற வேண்டி வந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று நோட்டே சொல்லிவிடும். மாதக் கூட்டத்தில் தவணையோடு அந்த நோட்டையும் காட்டச் சொல்லலாம். கடன் கொடுக்கும்போதே, மாதம் ஒரு சிறு தொகை வண்டிப் பராமரிப்புக்கென்று உறுப்பினர் பேரில் தனியாகச் சேமிக்கச் சொல்லலாம். பம்ப் போனால் கந்து வட்டிக்குப் போகாமல் அதில் எடுத்துச் செய்துகொள்ளலாம். இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று தலைவி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(உரைக்குப் பின் உறுப்பினர்கள் கேட்டவற்றில் இரண்டு.)

"இப்போ எலெக்ட்ரிக் ஆட்டோ வருதே, அதுக்கும் தண்ணி ஊத்தணுமா?"

எலெக்ட்ரிக் ஆட்டோ பெரும்பாலும் காற்றிலேயே ஆறிக்கொள்ளும். ஆனால் எலெக்ட்ரிக் கார்கள் பலவற்றில் பேட்டரியை ஆற்றக் கூலன்ட் உண்டு, அதற்குக் கரன்ட்டில் ஓடுகிற பம்பும் உண்டு. அதில் நாமாக எதையும் ஊற்றக் கூடாது. அதற்கென்று தனி ரகம் இருக்கிறது, ஷோரூமில்தான் பார்க்க வேண்டும்.

"நடுவழியில நின்னுட்டா, கூலன்ட் கெடைக்கலன்னா, குடிக்கிற கேன் தண்ணி ஊத்தலாமா அக்கா?"

ஆறிய பிறகு ஊற்றலாம், வீடு வந்து சேர அது போதும். அவசரத்துக்கு எந்தச் சுத்தத் தண்ணியும் தப்பில்லை, உப்புத் தண்ணி மட்டும் வேண்டாம். அடுத்த நாளே ஷெட்டுக்குப் போய் ஏன் குறைந்தது என்று பார்த்துவிட்டு, மறுபடி சரியான கலவை ஊற்றிக்கொள்ள வேண்டும். வண்டியில் எப்போதும் ஒரு லிட்டர் கலந்த கூலன்ட், அதன் சொந்த டப்பாவிலேயே, சீட்டுக்கு அடியில் வைத்திருங்கள்.